மைதானத்து மழை, பத்மாவின் மீன்

கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதிய மறுநாள் காலையில், யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துகொள்ளப் பேப்பர் வாங்க வேண்டாம், மீன் சந்தைக்குப் போனால் போதும் என்பார்கள். இலிஷ் மீன் விலை ஏறியிருந்தால் ஈஸ்ட் பெங்கால். இறால் விலை ஏறியிருந்தால் மோகன் பகான். மாணிக்தலா, கரியாஹாட் சந்தைகளைப் பற்றித் தலைமுறைகளாக இருந்துவரும் பேச்சு இது. ஆட்டத்தன்று ஸ்டேடியத்துக்குள்ளேயும் இந்த இரண்டும் வந்துவிடுகின்றன. சிவப்பும் பொன்மஞ்சளும் உடுத்திய கூட்டத்தின் தலைக்கு மேல் இலிஷ் அட்டைகள் ஆடும். பச்சையும் அரக்கும் உடுத்திய கூட்டத்தின் மேல் மீசை நீண்ட இறால் அட்டைகள். நிஜ மீனையே தூக்கிப் பிடித்தபடி கேலரியில் நடப்பவர்களும் உண்டு.

விளையாட்டுப் பித்து பிடித்த ஊர்கள் உலகத்தில் நிறைய. ஜெயித்தால் இன்னது சமைக்க வேண்டும் என்று அடுப்படி வரைக்கும் தீர்மானித்து வைத்திருக்கும் ஊர் வேறொன்று எனக்குத் தெரியாது. ஆட்டம் பார்க்கவும் நல்ல ஹோட்டல்களில் உட்கார்ந்து சாப்பிடவும் என்று இரண்டு ஆசைகளோடு கொல்கத்தா போகிறவருக்கு, அவை இரண்டும் அந்த ஊரில் ஒரே காரியம் என்பது சீக்கிரமே புரிந்துவிடும். சாப்பாட்டு மேஜையில் அவர் எதைக் கேட்கிறார் என்பதைப் பக்கத்தில் இருப்பவர் கவனிப்பார். இலிஷ் கேட்டால் ஒரு தலையசைப்பு, இறால் கேட்டால் வேறொரு தலையசைப்பு.

பந்தையும் மீனையும் சேர்த்து வைத்தது எது? பிரிவினை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது சரிதான். ஆனால் பிரிவினைக்கும் முந்திய ஒன்று இருக்கிறது, மழை. இந்த ஊரின் கால்பந்துக் கதையில் வரும் தேதிகளைப் பாருங்கள். மோகன் பகான் பிறந்தது 1889 ஆகஸ்ட் 15. அது ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது 1911 ஜூலை 29. ஈஸ்ட் பெங்கால் பிறந்தது 1920 ஆகஸ்ட் 1. இந்த இரண்டு கிளப்களும் மோதிய ஆட்டத்துக்குச் சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 1,31,781 பேர் கூடியது 1997 ஜூலை 13. ஏறத்தாழ எல்லாமே ஆனிக் கடைசியிலிருந்து ஆவணிக்குள். கொல்கத்தா லீக் மழைக்காலத்தில் ஆடப்படும் லீக். மைதானத்தின் சேற்றில், வழுக்கும் பந்தோடு, வெறுங்காலில் ஆடி வளர்ந்த ஆட்டம் அது. அதே மாதங்களில்தான் இலிஷ் கடலை விட்டு ஆற்றுக்கு ஏறுகிறது. மழைநீர் ஹூக்ளியில் இறங்கி முகத்துவாரத்தின் உப்பு தணியும்போது, முட்டையிட இடம் தேடி நீரோட்டத்தை எதிர்த்து அது மேலே வருகிறது. கோதாவரிக்காரர்கள் புலசா என்று கொண்டாடுவதும் இதே மீனைத்தான். கடலில் பிடிக்கும் இலிஷைவிட, ஆற்றில் சில நாள் நீந்திய இலிஷுக்கே ருசி என்று சொல்வதில் இரண்டு கரையாரும் ஒத்துப்போகிறார்கள். ஆக, லீக்கின் பெரிய மேட்ச் நடக்கும் வாரத்தில் சந்தையில் எது வந்து குவியுமோ அதை வாங்கிக்கொண்டு ரசிகர்கள் வீடு போனார்கள். சின்னம், அடையாளம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு ஏறிக்கொண்டவை.

1911-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வைஸ்ராய் கர்சன் வங்காளத்தை இரண்டாக வெட்டி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஷீல்டு இறுதியாட்டத்தில் மோகன் பகானை எதிர்த்தது ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளைப் பட்டாளத்து அணி. மோகன் பகான் பதினோரு பேரில் பூட்ஸ் போட்டிருந்தவர் ரெவரெண்ட் சுதிர் சாட்டர்ஜி ஒருவர்தான், மற்றவர்கள் வெறுங்கால். முதலில் பட்டாளம் கோல் அடித்தது. ஷிப்தாஸ் பாதுரி சமன் செய்தார், அபிலாஷ் கோஷ் முடித்து வைத்தார், இரண்டுக்கு ஒன்று. திடலைச் சுற்றித் திரண்டவர்களில் பெரும்பாலோர் கண்ணுக்கு ஆட்டமே தெரியவில்லை. அவர்களுக்குக் கோல் கணக்கைப் பட்டம் ஏற்றித் தெரிவித்தார்கள். இந்த வெற்றிக் கதையில் ஒன்றை எப்போதும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். அந்த மோகன் பகான் அணியில் பலர் கிழக்கு வங்காளப் பூர்விகம் கொண்டவர்கள். பிற்காலத்தில் 'மேற்குக்காரர்களின் கிளப்' என்று பெயரெடுத்த மோகன் பகானின் மிகப் பெரிய நாளைக் கிழக்கின் கால்களும் சேர்ந்தே உண்டாக்கின.

1920-இல் நடந்தது சின்னச் சம்பவம்தான். மோகன் பகானை எதிர்த்த ஆட்டத்தில் ஜோராபகான் கிளப் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை உட்கார வைத்தது. அவர் கிழக்குக்காரர் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்று கொதித்த சுரேஷ் சந்திர சௌத்ரி, கிளப்பை விட்டு வெளியேறி நண்பர்களோடு சேர்ந்து ஈஸ்ட் பெங்காலைத் தொடங்கினார். அப்போது நாடு ஒன்றுதான். டாக்காவிலிருந்தோ பரிசாலிலிருந்தோ படிப்புக்கும் வேலைக்கும் வந்து மெஸ்களில் தங்கியிருந்த இளைஞர்களுக்கு, ஊர்க்காரர்கள் தங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும்போது நிமிர்ந்து நிற்க ஒரு கிளப் கிடைத்தது. கிழக்கிலிருந்து வந்தவர் 'பாங்கால்', மேற்கின் பூர்விகவாசி 'கோட்டி'. இரண்டும் ஒருவர் மற்றவரைச் சீண்டச் சொன்ன பெயர்கள். இன்று இரண்டு தரப்பும் அவற்றைப் பெருமையாகவே சூடிக்கொள்கின்றன.

1947-க்குப் பிறகு எல்லாமே கனத்துவிட்டது. சியால்தா ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் கிழக்கிலிருந்து குடும்பங்கள் வந்து இறங்கின. ஜாதவ்பூர் பக்கம் பிஜய்கர், நேதாஜி நகர் என்று காலி நிலங்களில் ஒரே இரவில் மூங்கிலும் தகரமுமாகக் குடியிருப்புகள் முளைத்தன. வீடு போயிற்று, நிலம் போயிற்று, குளம் போயிற்று. பத்மா நதி இன்னொரு நாட்டுக்குப் போயிற்று. இழந்த அந்த மண்ணின் பெயரைத் தாங்கிய ஒரு கிளப் மட்டும் இங்கே மைதானத்தில் இருந்தது. அகதிக்கு ரேஷன் கார்டில் கிடைக்காத ஒன்று சனிக்கிழமை மாலையில் அந்தத் திடலில் கிடைத்தது. ஜெயித்த இரவில் அவன் கடன் வாங்கியாவது இலிஷ் வாங்கினான் என்றால் அதை ஆடம்பரம் என்று யார் சொல்ல முடியும்? இலிஷுக்கு எல்லை தெரியாது. ஒரே கடலிலிருந்து கிளம்பும் மீன்களில் சில பத்மாவுக்கும் சில ஹூக்ளிக்கும் ஏறுகின்றன. பத்மா இலிஷா கங்கை இலிஷா, எது ருசி என்ற சண்டை கொல்கத்தாவில் இன்றும் ஓயவில்லை. ருசியைப் பற்றிய சண்டையாகத் தெரியும் அது, உள்ளே பிறந்த மண்ணைப் பற்றியது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கொல்கத்தாவில் வெளியே சாப்பிட வேண்டும் என்றால் பார்க் ஸ்ட்ரீட்டைக் காட்டுவார்கள். அங்கே நல்ல உணவகங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆட்டம் பார்க்கப் போன ஆள் போய் உட்கார வேண்டிய இடம் பைஸ் ஹோட்டல். காலணாவும் அரையணாவும் கொடுத்துச் சாப்பிட்ட காலத்தில் தொடங்கியவை இவை. மாவட்டங்களிலிருந்து வந்த குமாஸ்தாக்களும் மாணவர்களும் மாதக் கணக்கில் இங்கேதான் சாப்பிட்டார்கள். கல்லூரித் தெருவுக்குப் பக்கத்து பவானி தத்தா சந்தில் ஒன்று இருக்கிறது. ஒடிசாவிலிருந்து வந்தவர் தொடங்கிய அந்த ஹிந்து ஹோட்டல், சுதந்திரத்துக்குப் பிறகு பெயருக்கு முன்னால் 'ஸ்வாதீன் பாரத்' என்று சேர்த்துக்கொண்டது. நியூ மார்க்கெட் பக்கம் சித்தேஸ்வரி ஆசிரமம். தெற்கே ராஷ்பிஹாரி பக்கம் தருண் நிகேதன். எதிலும் அலங்காரம் கிடையாது. சுவரில் கரும்பலகை, அதில் சாக்பீஸால் எழுதிய அன்றைய மீன்களின் பெயரும் விலையும். சாதத்துக்குத் தனி விலை, பருப்புக்குத் தனி விலை, பொரியலுக்குத் தனி. வாழையிலைக்கும் தனியாகக் காசு வாங்கும் வழக்கம் உண்டு. நம் ஊர் அளவுச் சாப்பாட்டுக்குப் பழகியவருக்கு முதலில் இது கணக்குப் பார்ப்பதாகத் தோன்றலாம். உட்கார்ந்து பழகிய பிறகு அதன் நியாயம் தெரியும். கையில் குறைந்த காசு உள்ளவன் சாதம், பருப்பு, ஒரு வறுவல் என்று எழுந்து போகலாம். பக்கத்து இலையில் இலிஷ் விழுவதற்கான செலவு அவன் தலையில் விழுவதில்லை. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

பரிமாறுகிறவர் மனப்பாடமாக ஒப்பிப்பார். கசப்பில் ஆரம்பிக்கிறார்கள், பாகற்காயும் முருங்கையும் சேர்ந்த ஷுக்தோ. பிறகு பருப்பு, பிறகு மீன், கடைசியில் இனிப்புச் சட்னி. இலிஷ் சொன்னால் உடனே அடுத்த கேள்வி வரும்: "தாதா, வயிற்றுத் துண்டா, முதுகுத் துண்டா?" வயிற்றுத் துண்டில் கொழுப்பு அதிகம், முள் பெரிது, எடுத்துவிடலாம். முதுகுத் துண்டில் முடி மாதிரி முள்ளாக இருக்கும். தெரிந்தவர்கள் முதுகை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். முள்ளோடு வாதாடி எடுத்த சதைக்குத்தான் ருசி அதிகம் என்பது அவர்கள் கட்சி. நான் வயிற்றுத் துண்டே கேட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த முதியவர் முதுகுத் துண்டைத் தின்ற விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் என் இலை ஆறிப்போனது. வாயின் ஒரு ஓரத்தில் மீன் போகிறது, மறு ஓரத்தில் முள் சுத்தமாக வெளியே வருகிறது, நடுவில் பேச்சும் நிற்கவில்லை. அவர் பேச்சு முழுக்க எழுபதுகளின் ஆட்டங்கள்.

முதலில் வருவது இலிஷ் பொரித்த எண்ணெய். சூடான சாதத்தில் அந்த எண்ணெயை ஊற்றி, உப்பும் பச்சை மிளகாயும் வைத்துப் பிசைந்து சாப்பிடுகிறார்கள். மீனின் தலைப்பாகம் முழுவதும் அந்த எண்ணெயில் இறங்கியிருக்கிற மாதிரி ஒரு மணம். பிறகு கடுகு அரைத்து விட்ட குழம்பு. வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை. கடுகு விழுது, கடுகெண்ணெய், மஞ்சள், கீறிய மிளகாய், அவ்வளவே. மூக்கில் ஏறும் அந்தக் காரத்துக்கு அடியில் மீனின் கொழுப்பு இனிக்கிறது. நம் பக்கத்துப் புளிக்குழம்பில் மீனும் புளியும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு ருசி உண்டாகும். இங்கே மீனை மீனாகவே விட்டுவைத்திருக்கிறார்கள். அதில் ஒரு மரியாதை இருப்பதாக எனக்குப் பட்டது.

இறால் வேறு வழியில் போகிறது. நன்னீரில் வளரும் பெரிய கோல்டா இறாலைத் தலையோடு தேங்காய்ப்பாலில் வேகவைத்து, கொஞ்சம் சர்க்கரை, ஏலம், பட்டை சேர்த்து மலாய் கறி. தலையின் செம்மஞ்சள் கொழுப்பு பாலில் கரைந்து நிறம் கொடுக்கிறது. தேங்காய்ப்பால் பழகிய தமிழ் நாக்குக்கு இதில் அந்நியம் எதுவும் தெரியாது, அந்தச் சர்க்கரையைத் தவிர. கோட்டி சமையலில் சர்க்கரை அதிகம் என்று பாங்கால்கள் குறை சொல்வார்கள். இறால் மீனே கிடையாது, பூச்சி என்றும் சொல்வார்கள். கோட்டிகள் கருவாட்டு வாசனையைச் சொல்லித் திருப்பிக் கொடுப்பார்கள். இந்த வாக்குவாதம் நடக்கும் பல வீடுகளில் கணவன் ஒரு கட்சி, மனைவி மற்றொரு கட்சி. எழுபது ஆண்டுகளில் கலப்பு மணங்கள் பெருகி, பாட்டி வீட்டில் இலிஷும் அம்மா வீட்டில் இறாலும் தின்று வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று கேலரியில் நிற்கிறார்கள்.

மைதானத்தின் சாப்பாடு தனி. கோட்டைக்கு எதிரே விரிந்து கிடக்கும் அந்தப் பசும்பரப்பு ராணுவத்தின் கையில் உள்ளது. நினைத்தபடி கட்டடம் எழுப்ப முடியாது. நூறாண்டு தாண்டிய கிளப்கள் இன்றும் தங்கள் இடத்தை டென்ட் என்றுதான் சொல்கின்றன. அவற்றின் கேன்டீன்களில் ஸ்டூவும் டோஸ்டும் கிடைக்கும். கோழி, பப்பாளிக்காய், கேரட், மிளகு, மேலே ஒரு துண்டு வெண்ணெய், தொட்டுக்கொள்ள வாட்டிய ரொட்டி. பயிற்சி முடித்த ஆட்டக்காரனுக்கு ஏற்ற சாப்பாடு. ரசிகர்களும் அதையே பழகிக்கொண்டார்கள். எஸ்பிளனேடு பக்கம் டேக்கர்ஸ் லேனில் நின்றுகொண்டே ஸ்டூ குடிக்கும் ஆபீஸ் கூட்டத்தைப் பார்க்கலாம். மழையில் நனைந்து, கழுத்துவரை சேறு தெறித்து, தோற்றுவிட்டு வரும் மாலைக்கு இந்த ஸ்டூவைவிட நல்ல உணவு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. வெற்றிக்குத்தான் மீன். தோல்விக்கு இந்த ஊர் தனியாக ஒன்றும் பெயர் வைக்கவில்லை, ஸ்டூ அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவருகிறது.

இலிஷ், இறால் என்று இரண்டாகவே சொல்லிக்கொண்டு போவதில் ஓர் அநியாயம் இருக்கிறது. மைதானத்தின் பெரிய கிளப்கள் மூன்று. மூன்றாவது, நகரத்து முஸ்லிம்களின் கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங், 1891-இல் தொடங்கியது. கொல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்திய அணி அதுதான், 1934-இல். அதோடு நிற்காமல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் அதுவரை தொடாத கோப்பை. பிரிவினை அந்தக் கிளப்பின் ஆட்டக்காரர்களையும் ஆதரவாளர்களையும் எல்லைக்கு அப்பால் சிதறடித்தது. கிழக்கிலிருந்து வந்தவர்களின் இழப்பைப் பற்றி நகரம் பேசப் பழகிக்கொண்டது. இங்கிருந்து போனவர்களின் இழப்பையும், போகாமல் தங்கியவர்களின் தனிமையையும் அவ்வளவாகப் பேசவில்லை. இரண்டு மீன்களின் கதையில் அவர்களுக்கு இலையே போடவில்லை. அவர்களுடைய சாப்பாடோ ஊர் முழுக்க இருக்கிறது. அவத்தின் கடைசி நவாப் வாஜித் அலி ஷா, ராஜ்யம் பறிபோய் 1856-இல் மெட்டியாப்ரூஸுக்கு வந்து சேர்ந்தபோது கூட வந்த சமையற்காரர்களின் வழி உண்டானது உருளைக்கிழங்கு போட்ட கொல்கத்தா பிரியாணி. அதுவும் ஊரை இழந்து வந்த ஒருவரின் சாப்பாடுதான். சித்பூர் சாலை ராயல் ஹோட்டலில் பிரியாணியும் சாப்பும் தின்ன, நிஜாம்ஸில் காத்தி ரோல் வாங்க, மூன்று கட்சிக்காரர்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு, நம்மவர்களுக்கும்தான். ஐம்பதுகளை ஒட்டிய ஆண்டுகளில் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஐந்து பேர் ஆடினார்கள்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தென்னாட்டுக்காரர்கள். பஞ்சபாண்டவர் என்று கொல்கத்தா அவர்களைக் கொண்டாடியது. பத்மாவை இழந்து வந்த அகதிகளுக்காகக் கோல் அடித்தவர்கள் பத்மாவைப் பார்த்திராதவர்கள். பின்னாளில் தஞ்சாவூரிலிருந்து காலியா குலோத்துங்கன் போனார். 2003-இல் ஜகார்த்தாவில் ஈஸ்ட் பெங்கால் ஆசியான் கிளப் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தவர். 2018-இல் சொந்த ஊரில் சாலை விபத்தில் இறந்துபோனார். கொல்கத்தா ரசிகர்கள் அவருக்காகக் கலங்கியதில் பாதிகூட இங்கே நாம் கலங்கவில்லை. தமிழ்நாட்டுக் கால்பந்தைப் பற்றி எழுத வேண்டியவை எவ்வளவோ பாக்கி இருக்கின்றன. அது இன்னொரு கட்டுரை.

இந்தப் பித்துக்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள். 1970 முதல் 1975 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து லீக்கை வென்ற ஈஸ்ட் பெங்கால், 1975 செப்டம்பர் 30 அன்று ஷீல்டு இறுதியாட்டத்தில் மோகன் பகானை ஐந்துக்குப் பூஜ்யம் என்று வீழ்த்தியது. அந்த அவமானம் தாங்காமல் ஓர் இளம் ரசிகர் உயிரை விட்டார். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் நடந்த பெரிய மேட்சில் கைகலப்பு மூண்டு, நெரிசலில் பதினாறு பேர் மாண்டார்கள். மகன் பந்தாட்டம் பார்க்கப் போயிருக்கிறான் என்று மாலைச் சோற்றை மூடி வைத்துக் காத்திருந்த வீடுகள் அவை. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் நகரத்தில் கால்பந்து ரசிகர்கள் ரத்ததானம் செய்கிறார்கள். இந்த ஊரின் கால்பந்தைப் பற்றி நான் அறிந்தவற்றில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

2024 ஆகஸ்டில் இன்னொன்று நடந்தது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நகரம் தெருவுக்கு வந்தது. ஆகஸ்ட் 18 அன்று ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதவிருந்த டூரண்ட் கோப்பை ஆட்டத்தைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லை என்று தெரிந்தும் ரசிகர்கள் அதே மாலையில் சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு முன்னால் கூடினார்கள். சிவப்பு-பொன்மஞ்சள், பச்சை-அரக்கு, முகமதனின் கறுப்பு-வெள்ளை, மூன்று கொடிகளும் ஒன்றாக நின்று நியாயம் கேட்டன. போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு கட்சி ரசிகனை இன்னொரு கட்சி ரசிகன் தோளில் ஏற்றிக்கொண்டான். மோகன் பகான் கேப்டன் சுபாஷிஷ் போஸ் மனைவியோடு வந்து கூட்டத்தில் நின்றார். நூறாண்டுகளாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் தங்கள் ஊர்ப் பெண்ணுக்காக ஒரு பக்கமாக எழுந்து நின்ற மாலை அது.

இப்போது என்னை உறுத்துவது மீனின் கதை. 1975 ஏப்ரலில், அந்த ஐந்து கோல் ஆட்டத்துக்குச் சில மாதங்கள் முன்னால், ஃபரக்கா தடுப்பணை வேலைக்கு வந்தது. கங்கைத் தண்ணீரைத் திருப்பி ஹூக்ளியில் விட்டு, கொல்கத்தாத் துறைமுகம் மணல் மேடிடாமல் காப்பது அதன் நோக்கம். ஒரு காலத்தில் அலகாபாத் வரைக்கும் ஏறிப்போன இலிஷுக்கு வழி அடைபட்டது. கடலிலும் முகத்துவாரத்திலும் சிறிய கண்ணி வலைகள் வளராத மீனை அள்ளுகின்றன. ஹூக்ளி இலிஷ் குறைந்தபோது நகரம் வங்கதேசத்தை எதிர்பார்த்தது. 2012-இல் அந்த நாடு ஏற்றுமதியை நிறுத்தியது. அதன்பின் துர்கா பூஜையையொட்டிச் சில ஆண்டுகளில் அளவோடு அனுமதிக்கிறது. மற்றபடி குளிர்பதனப் பெட்டியில் கிடந்த மீன்தான். நல்ல பெரிய இலிஷ் ஒன்றை முழுசாக வாங்குவது சம்பளக்காரர் வீட்டில் யோசித்துச் செய்யும் காரியமாகிவிட்டது.

ஆட்டமும் தன் மாதத்தை விட்டு நகர்ந்துவிட்டது. 2020-இல் இரண்டு கிளப்களும் இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல். போட்டிக்குள் நுழைந்தன, முகமதன் 2024-இல். அந்தப் போட்டி வழக்கமாக மழை முடியும்போது தொடங்கிக் குளிர்காலம் முழுக்க ஆடப்படுவது. பணம், தொலைக்காட்சி, நல்ல புல்தரை எல்லாம் அங்கே இருக்கின்றன, அதற்கெல்லாம் தேவையும் இருக்கிறது. ஆனால் ஜனவரியில் ஜெயித்தால் எந்த இலிஷைச் சமைப்பது? அட்டை மீன்கள் கேலரியில் பெரிதாகிக்கொண்டே போவதும் சட்டியில் மீன் சிறுத்துக்கொண்டே போவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. கொல்கத்தா லீக் இன்னும் மழையில்தான் நடக்கிறது; கிளப்கள் பெரும்பாலும் இளம் ஆட்டக்காரர்களை இறக்குகின்றன. போகிறவர்கள் ஆடி மாதத்தில் போய் அந்த லீக்கைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். பந்து குட்டையில் நின்றுவிடும், பையன்கள் சறுக்கி விழுவார்கள், நனைந்த பலகையில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லித் திட்டுவார்கள்.

மேற்கு வங்காளத்தில் இருபத்து மூன்று சென்டிமீட்டருக்குக் குறைந்த இலிஷைப் பிடிக்கவும் விற்கவும் தடை இருக்கிறது. இருந்தும் கையகல 'கோகா இலிஷ்' சந்தைகளில் கூறு போட்டுக் கிடக்கிறது. மலிவாகக் கிடைப்பதால் வாங்குகிறார்கள். அரசாங்கத்தின் சுவரொட்டியை அந்த ஊரில் யாரும் நின்று படிப்பதில்லை. கிளப் சொன்னால் படிப்பார்கள். ஜெயித்த இரவில் குட்டி இலிஷ் வாங்காதே என்று ஈஸ்ட் பெங்கால் தன் ரசிகர்களிடம் சொல்ல வேண்டும், மழை லீக்கின் டிக்கெட்டிலேயே அச்சடித்துச் சொல்ல வேண்டும். மோகன் பகானும் கூடச் சேர்ந்து சொன்னால் நல்லது. அவர்கள் வீட்டு மருமகள்களில் பாதிப்பேர் இலிஷ் கட்சி.